முன்பணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

தாத்தா எழுதுவது. "விடிஞ்சதுல இருந்து பீடி சுத்துற எதிர்வீட்டு அத்தை ஏன் இன்னும் கஷ்டப்படறாங்க? உழைச்சா முன்னேறலாம்னு பாடத்துல இருக்கே" என்று போனில் கேட்டாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சாக்குச் சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் பதில் கொஞ்சம் நீளம்.

சோம்பலால் வந்த வறுமையை நம் குடியாத்தத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. கைலித் தறி, தீப்பெட்டி, பீடி என்று கை ஓயாத ஊர் இது. பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் போனால் தோல். குறை உழைப்பில் இல்லை, பணம் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதில் இருக்கிறது.

அத்தையின் கணக்கையே பார். ஏஜென்ட் இலையும் தூளும் எடை போட்டுக் கொடுப்பார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலை பற்றாவிட்டால் கைக்காசில் வாங்க வேண்டும், சரியில்லை என்று கழித்த பீடிக்குக் காசு கிடையாது. இதுவரை கூலி வேலைதான். வீட்டில் ஒரு காய்ச்சலோ கல்யாணமோ வந்து அவள் முன்பணம் வாங்கிய அன்றைக்கே கதை மாறிவிடுகிறது. அடுத்த தெரு ஏஜென்ட் கூடுதல் கூலி தந்தாலும் போக முடியாது. ஒரு கட்டை அநியாயமாகக் கழித்தாலும் வாய் திறக்க முடியாது. வாரா வாரம் பிடித்தாலும் அசல் அப்படியே நிற்கும். நாளைய உழைப்பை இன்றைக்கே விற்றவளுக்குப் பேரம் பேச என்ன மிச்சம்?

அவள் கை மட்டும் போதாதபோது பிள்ளையின் கை வரும். நான் வாத்தியாராக இருந்த காலத்தில் சில பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தபடி விரலை மடித்துக்கொண்டே இருப்பார்கள். பீடியின் முனை மடித்த பழக்கம். பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்க 1933-லேயே சட்டம் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. ஆனாலும் 1996-ல் மனித உரிமைக் கண்காணிப்பகம் என்ற அமைப்பு கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி அறிக்கை எழுதியபோது, நம் வட ஆற்காட்டுப் பீடிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். சட்டத்தால் கடனைச் செல்லாது என்று சொல்ல முடிந்தது. அடுத்த காய்ச்சலுக்குப் பணம் யார் தருவார் என்பதற்கு அதில் வழியில்லை.

பிள்ளை வேலைக்கா பள்ளிக்கா என்ற கேள்வி அரசாங்கம் வரை போனது. 1953-ல் முதல்வராக இருந்த ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். அரைநாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில். குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். அப்போது அவர் சட்டமன்றத்துக்கு இடைத்தேர்தலில் ஜெயித்துப் போனது நம் குடியாத்தம் தொகுதியில்தான் (இதைப் பெருமையாகச் சொல்லாத கிழவன் நம் ஊரில் கிடையாது). 1956-ல் அவர் தொடங்கிய மதிய உணவைத் தர்மம் என்று நினைக்காதே. பிள்ளை பள்ளிக்குப் போவதால் வீட்டுக்கு விழும் நஷ்டத்தில் ஒரு வேளைச் சோற்றை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

இந்த முன்பணச் சிக்கல் நம் ஊர் நோய் மட்டும் இல்லை. 1976-ல் வங்கதேசத்தில் சிட்டகாங் பக்கம் ஜோப்ரா என்ற கிராமத்தில், முகமது யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் மூங்கில் முக்காலி பின்னும் பெண்களைப் பார்த்தார். மூங்கிலுக்குக் கடன் கொடுத்த வியாபாரிக்கே, அவன் சொன்ன விலைக்கே முக்காலியை விற்க வேண்டும். அந்த ஊரில் இப்படிச் சிக்கியிருந்த 42 பேரின் மொத்தக் கடன் 27 டாலர்! கைக்காசைக் கொடுத்து மீட்டார், அதிலிருந்து கிராமீன் வங்கி வளர்ந்தது. அதற்காகக் கடன்தான் மருந்து என்று நான் சொல்லமாட்டேன். நம் தெருவிலேயே ஒரு குழுக்கடனை அடைக்க இன்னொரு குழுக்கடன் வாங்குகிறார்கள்.

கடன் மட்டுமே காரணமும் இல்லை. பாலாற்றங்கரையில் சிலருக்கு வறுமை வெளியிலிருந்து வந்தது. தோல் பதனிடும் கழிவால் அந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ கெட்டது என்பது 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் கெட்ட விவசாயியிடம் போய் உழைத்தால் முன்னேறலாம் என்று எந்தப் பாடத்தைக் காட்டுவாய்?

நம் ஊர்ச் சிரசுத் திருவிழாவுக்கு வருவாய் அல்லவா? ஒரு சாயங்காலம் அத்தையோடு உட்கார். ஆயிரத்துக்கு என்ன கூலி, ஏஜென்ட்டிடம் பாக்கி எவ்வளவு என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள். பாக்கியை முதலில் கேள்.

உன் தாத்தா,
குடியாத்தம்