கழன்று ஓடிய சக்கரத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி: என் ஹோண்டா சிட்டி காருக்குச் சென்னையில் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் நான்கு அலாய் வீல் வாங்கி, அங்கேயே மாட்டினேன். பழைய ஸ்டீல் வீல் நட்டுகளையே போட்டார்கள். ஊர் திரும்பும்போது விக்கிரவாண்டி தாண்டியதும் முன்பக்கம் கடகடவென்று சத்தம். ஓரங்கட்டுவதற்குள் இடது சக்கரம் கழன்று, கார் சாலைத் தடுப்பில் மோதியது. 'மாட்டிக் கொடுத்ததோடு எங்கள் பொறுப்பு முடிந்தது, பில்லிலேயே போட்டிருக்கிறோம்' என்கிறது கடை. 'வண்டியை மாற்றிவிட்டீர்கள்' என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கிறது. யாரிடம் நஷ்டஈடு கேட்பது?
– வாசகர், திருச்சி

பதில்: இருவரிடமும் கேட்கலாம், ஆனால் ஒரே இழப்பை இரண்டு இடத்திலும் வசூலிக்க முடியாது. நோட்டீஸ் அனுப்புவதற்கு முன், அந்தச் சக்கரத்தையும் மிஞ்சிய நட்டுகளையும் உங்கள் கைவசம் எடுத்து வையுங்கள். சர்வீஸ் சென்டரில் பழைய இரும்பென்று தூக்கிப் போட்டுவிட்டால் வழக்கில் பாதி போய்விடும்.

காரணம் இதுதான். ஹோண்டாவின் கம்பெனி நட்டு, வீலில் உட்காரும் பக்கம் உருண்டையாக இருக்கும். கடைகளில் விற்கும் பெரும்பாலான அலாய் வீல்களின் துளையோ 60 டிகிரி கூம்பு வடிவம். உருண்டை நட்டு கூம்புக்குள் முழுதாகப் படியாது. மெல்லிய வளையமாக ஓரிடத்தில் மட்டும் தொடும். ஏர் கன்னால் முடுக்கும்போது இறுகியதாகத் தோன்றினாலும் ஓட ஓடத் தளரும். அந்த வளையத் தடம் துளையில் பதிந்திருக்கும். கிட்டத்தில் வைத்துப் படமெடுங்கள். தடம் இருந்தால் சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையமே ஆய்வகப் பரிசோதனைக்கு அனுப்பும்.

கடையின் வாதம் நிற்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 85-இன்படி, குறைபாடான சேவைக்கு மட்டுமல்ல, ஆபத்தைத் தவிர்க்கப் போதிய அறிவுரை தராததற்கும் சேவை தந்தவரே பொறுப்பு. புது வீல் மாட்டினால் 80, 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். உங்கள் காருக்கு 108 நியூட்டன் மீட்டர். நெடுஞ்சாலையில் திருச்சி வரை போகப்போகிற உங்களிடம் இதைச் சொன்னார்களா? சொல்லவில்லை என்றால் புகாரில் அதையே முதலில் எழுதுங்கள். பில்லின் அடியில் அச்சடித்த ஒரு வரி இந்தப் பொறுப்பைத் துடைத்துவிடாது.

வழக்குக்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் திருச்சியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. கெடு 2 ஆண்டு.

இன்சூரன்ஸ் கம்பெனியிடம் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுப்பது, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களோடு முரண்படும் மாற்றத்தை. கார் கம்பெனி சொன்ன அளவிலேயே வீலும் டயரும் இருந்தால், அலாய் மாட்டியதே குற்றம் என்ற வாதத்தை உறுதியாக எதிர்க்கலாம். அளவு பெரிதென்றால் உங்கள் பக்கம் பலவீனம்தான், அதை மறைக்காதீர்கள். முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அதற்கும் கட்டணம் கிடையாது.

மற்ற மூன்று சக்கரங்களிலும் அதே நட்டுகள்தானே? படமெடுத்துவிட்டு உடனே கழற்றி, கூம்பு நட்டு போடச் சொல்லுங்கள். அதுவரை அந்த வண்டியில் வீட்டார் யாரையும் ஏற்றாதீர்கள்.