மாயலோகமும் மோட்டார் வண்டியும்



சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பில் "நான் விரும்பும் கதை" என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஒருத்தி நாவலைப் பற்றியும் எழுதவில்லை, திரைப்படத்தைப் பற்றியும் எழுதவில்லை. தன் அண்ணனோடு சேர்ந்து ஆடும் ஜப்பானியக் கணினி விளையாட்டு ஒன்றைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். "இது கதையா?" என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் வருந்தவில்லை. மறுநாள் வந்து, "டீச்சர், ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றாள். கோடை விடுமுறையில், தம்பி மகன் வீட்டில், பார்த்தேன். அந்தச் சிவப்பு மைக்குப் பரிகாரமே இக்கட்டுரை.

விளையாட்டின் பெயர் ஃபைனல் ஃபேன்டசி. இறுதி மாயக்கதை என்று பொருள் கொள்ளலாம். பெயர்தான் இறுதி, 1987 டிசம்பரில் ஸ்கொயர் என்ற ஜப்பானிய நிறுவனத்தில் ஹிரோனொபு சகாகுச்சி என்பவர் தொடங்கி வைத்தது, 2023ஆம் ஆண்டில் பதினாறாம் பாகத்தை எட்டிவிட்டது! நாமே ஒரு பாத்திரத்தை ஏற்று, ஊர் ஊராய் நடந்து, பலரோடு உரையாடி, கதையை முன்னே நகர்த்த வேண்டும். இவ்வகை ஆட்டம் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டிலிருந்து பிறந்தது. வாள், மந்திரம், நாகம், கோட்டை ஆகியவை அதன் சீதனங்கள்.

இத்தொடருக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. ஒவ்வொரு பாகத்திலும் உலகமும் புதிது, மாந்தரும் புதியவர். சொக்கோபோ என்னும் சவாரிப் பறவை, வானில் செல்லும் கப்பல், சிட் என்ற பெயருடைய ஒருவர் என்று சிலவே திரும்பத் திரும்ப வரும். ஆகவே ஒவ்வொரு முறையும் படைப்போர் முன் ஒரு கேள்வி நிற்கிறது. கதையைப் பழங்காலக் கோட்டையில் நடத்துவதா? மின்விளக்கு எரியும் நகரத்தில் நடத்துவதா? இதன் அன்பர்கள் இன்றும் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடுகின்றனர்.

முதல் பாகத்தில் நான்கு வீரர்கள், நான்கு படிகங்கள், இளவரசி, அரக்கர். எல்லாம் பழைய முறை. ஆயினும் அதிலேயே வானில் மிதக்கும் ஒரு கோட்டையும் அதைக் காக்கும் இயந்திர மனிதனும் உண்டு. கலப்படமற்ற பழமை என்பது தொடக்கத்திலேயே இல்லை என்பதைக் காண்க. 1994இல் வந்த ஆறாம் பாகத்தில் நீராவியும் நிலக்கரிச் சுரங்கமும் வந்துவிட்டன. மந்திரம் அழிந்து ஆயிரம் ஆண்டு ஆனபின், ஒரு பேரரசு அதை இயந்திரத்தால் மீண்டும் கறந்தெடுக்க முயல்வதே அதன் கதை.

பெரிய திருப்பம் 1997இல் வந்த ஏழாம் பாகம். மிட்கார் என்பது ஒரு மாநகரம். தூண்களின் மேல் தாங்கிய இரும்புத் தளத்தில் வசதியுள்ளோர் வாழ்கின்றனர்; அத்தளத்தின் அடியில் வெயில் படாத சேரி. எட்டு உலைகள் பூமியின் உயிர்ச்சாற்றை உறிஞ்சி மின்சாரமாக்குகின்றன. இங்கே பகைவன் அரக்கன் அல்லன், ஒரு மின்சாரக் கம்பெனி! உலைகளைத் தகர்க்கப் புறப்பட்ட பேரட் என்ற முரடனின் கதையை நான் மறக்கவில்லை. அவன் ஊர் நிலக்கரி தோண்டிப் பிழைத்த ஊர். உலை வந்தால் வாழ்வு வரும் என்று நம்பி, தயங்கிய நண்பனை இணங்கச் செய்தவனே அவன்தான். பின்னர் கம்பெனியின் படை அவ்வூரைக் கொளுத்திவிட்டது. அவனுடைய கோபத்தில் பாதி தன் மீதே உள்ள கோபம். கோட்டையும் இளவரசியும் உள்ள கதையில் இந்த மனிதனை எங்கே வைப்பது? நவீன உலகம் இவனுக்குத் தேவைப்பட்டது.

எட்டாம் பாகம் (1999) நமக்கு இன்னும் நெருக்கமானது. கதை நடப்பது ஒரு விடுதிப் பள்ளியில். வகுப்பறை உண்டு, நூலகம் உண்டு, உணவு விடுதியில் ரொட்டி தீர்ந்துபோய் ஏமாறும் மாணவன் உண்டு. போரில் வென்றால் பொற்காசு உதிர்வதில்லை. தரத்துக்கேற்பச் சம்பளம் வரும். தரம் உயர எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். பத்துக் கேள்விக்கும் பிழையின்றி விடையளித்தால்தான் தேர்ச்சி. இப்படி முப்பது தேர்வுகள்! இதைப் படைத்தவர் ஏதோ ஓர் ஆசிரியையின் மகனாக இருக்க வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அதன் உயிர்நிலை தேர்வில் இல்லை. காவல் தெய்வங்களின் வலிமையைக் கடன் வாங்கும் அம்மாணவர்களுக்கு நினைவு சிறிது சிறிதாகத் தேய்கிறது. தாங்கள் ஒரே அநாதை இல்லத்தில் கடலோரம் வளர்ந்தவர்கள் என்பதையே மறந்துவிட்டனர். அவ்வலிமையைக் கடன் வாங்காத ஒருவன் மட்டும் நினைவு வைத்திருந்து, சொல்ல முடியாமல் உடன் நடக்கிறான். அவர்கள் எதிர்த்து நிற்கும் சூனியக்காரி, அவர்களை வளர்த்த அன்னையே. பாருங்கள், பள்ளிச் சீருடையும் மோட்டார் வண்டியும் இருந்தும், இதயத்தைத் தொடும் இடம் பாட்டி கதையின் பழைய மந்திரமாகவே இருக்கிறது.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1939இல் ஸ்காட்லாந்தில் மாயக்கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். பச்சைச் சூரியன் என்று சொல்வது எளிது, அந்தச் சூரியன் நம்பத்தக்கதாய் விளங்கும் உலகத்தைப் படைப்பதே அரிது என்பது அவர் கருத்து. இதை அளவுகோலாகக் கொண்டால் இரு கட்சியினருக்கும் சங்கடம்தான். அறிமுகமான பொருள்கள் நிறைந்த உலகில் நாம் கடுமையான கணக்காளர் ஆகிவிடுகிறோம். 2016இல் வந்த பதினைந்தாம் பாகத்தில், பட்டத்து இளவரசனும் அவன் தோழர் மூவரும் பழுதான மோட்டார் வண்டியைத் தள்ளிக்கொண்டே அறிமுகமாகின்றனர். தோழமையைக் காட்ட அதைவிட நல்ல காட்சி இல்லை. ஆனால் கையில் தொலைபேசி இருப்பதைக் கண்டதும், "அப்படியானால் இதை முன்பே கேட்டுத் தெரிந்திருக்கலாமே!" என்று மனம் முணுமுணுக்கிறது. புறாவின் காலில் ஓலை கட்டும் உலகில் இக்கேள்வி எழுவதில்லை.

பெற்றோர் சார்பில் ஒரு வார்த்தை. ஒரு பாகத்தை முடிக்க நாற்பது மணி நேரம் ஆகும் என்கிறார்கள். எனக்கு நான்காம் நாளே கண் எரிந்தது. நடுக்கால ஐரோப்பாவை ஒத்த பதினாறாம் பாகத்தில், படிகமின்றி மந்திரம் செய்யப் பிறந்தவர்கள் முகத்தில் முத்திரை குத்தப்பட்டு அடிமைகளாக விற்கப்படுகின்றனர். கருத்து கனமானதே. ஆயினும் அமெரிக்காவில் அது 17 வயது நிரம்பியோர்க்கென்று குறிக்கப்பட்டது. உங்களுக்கு அது இப்போது வேண்டாம்.

என் மனம் தங்கியது ஒன்பதாம் பாகத்தில். 2000ஆம் ஆண்டில், நகரங்களை விட்டு மீண்டும் கோட்டைக்கும் படிகத்துக்கும் திரும்பிய பாகம் அது. முந்தியதைவிடக் குறைவாகவே விற்றது. சகாகுச்சிக்கோ அதுதான் மிகப் பிடித்தது. விவி என்ற சிறுவன், கூர்த்தொப்பி அணிந்த கறுப்பு மந்திரவாதி. முதல் பாகத்திலேயே வரும் பழைய வேடம்தான் அது. ஆனால் இங்கே அவன் தன்னைப் போன்றவர்கள் ஒரு கிராமத்தின் அடியில் போருக்காகப் பீப்பாய்களில் செய்து அனுப்பப்படுவதைக் காண்கிறான். பலருக்கு ஆயுள் ஓராண்டே. தப்பிச் சென்ற சிலர் காட்டுக்குள் ஊர் அமைத்து வாழ்கின்றனர். ஒரு நாள் ஒருவன் அசையாமல் நின்றுவிடுகிறான். இறப்பு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆகவே "நின்றுவிட்டான்" என்கிறார்கள். பிறகு அவனை மண்ணில் புதைத்து, தொப்பியை மேலே வைக்கிறார்கள். ஆலையும் உற்பத்தியும் பேசும் இக்கதையை நகரத்திலும் சொல்லியிருக்கலாம். அந்தத் தொப்பிதான் அங்கே இருந்திருக்காது.

பள்ளி திறந்ததும் அந்த மாணவியை அழைத்து, ஒன்பதாம் பாகமே சிறந்தது என்றேன். "எட்டுதான் டீச்சர்" என்றாள் சற்றும் தயங்காமல். "தேர்வு முப்பதிலும் தேறியிருக்கிறேன்." கணக்குத் தேர்வைப் பற்றி நான் கேட்கவில்லை.