ஒரு கிண்ணம் ராஜ்மாவும் ஒரு கரண்டி எண்ணெயும்

தில்லியில் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மதிய உணவு என்றால் ராஜ்மாவும் சோறும்தான். அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் சிலவும் சாம்பாருக்கு ஒரு நாள் விடுமுறை கொடுத்து அதனைத் தம் உணவாக்கிக்கொண்டன. ராஜ்மாவை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் நன்கு கொதிக்கவிட்டு வேகவைத்தல் வேண்டும். வேகாத ராஜ்மாவில் வயிற்றைக் கெடுக்கும் நச்சுப்பொருள் ஒன்று உண்டு. கொதிக்கும்போது அது அழிந்துவிடும்.

வெந்த ராஜ்மாவையும் அதனைத் தாளிக்கும் சமையல் எண்ணெயையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். 100 கிராம் ராஜ்மா ஏறத்தாழ 127 கிலோகலோரி ஆற்றல் தரும். 100 கிராம் எண்ணெயோ ஏறத்தாழ 900 தரும். வெந்த ராஜ்மாவில் மூன்றில் இரண்டு பங்கு நீர். எண்ணெய் முழுவதும் கொழுப்பே. ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி உண்டு. புரதத்திலும் மாவுச்சத்திலும் கிராமுக்கு 4 தான்.

ஆயினும் 100 கிராம் எண்ணெயை எவரும் குடிப்பதில்லை. ஆகவே உண்ணும் அளவை வைத்து ஒப்பிடுவதே முறை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 14 கிராம் எடையுள்ளது. அது தருவது 120 கிலோகலோரி. ஒரு சிறு கிண்ணம், அதாவது 100 கிராம், ராஜ்மா தருவதும் ஏறக்குறைய அவ்வளவே. ஆற்றலில் மட்டுமே இந்தச் சமநிலை! கிண்ணத்தில் ஏறத்தாழ 9 கிராம் புரதமும், 6 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும், இரும்புச்சத்தும், ஃபோலேட்டும் உள்ளன. கரண்டியில் புரதமும் இல்லை, நாரும் இல்லை. வயிறு நிறைவதும் கிண்ணத்தால்தான்.

எள்ளிலும் நிலக்கடலையிலும் புரதம் மிகுதியாக இருக்க, அவற்றின் எண்ணெயில் மட்டும் அஃது இல்லாமற்போவது ஏன்? செக்கில் ஆட்டும்போது கொழுப்பு எண்ணெயாக வடிகிறது. புரதமும் நாரும் புண்ணாக்கில் தங்கிவிடுகின்றன. புண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. மாடுகள் கொடுத்துவைத்தவை!

இதனால் எண்ணெய் வேண்டாத பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத சில கொழுப்பு அமிலங்களும் வைட்டமின் ஈயும் அதில் உள்ளன. ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்கள் கொழுப்பில் கரைபவை. கேரட் பொரியலில் சிறிது எண்ணெய் இருந்தால்தான் கேரட்டின் சத்து உடலில் நன்கு சேரும்.

அளவில்தான் கவனம் வேண்டும். நால்வருக்கான ராஜ்மாக் குழம்பில் 4 மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றினால், ஒவ்வொருவர் கிண்ணத்திலும் ராஜ்மா தரும் அளவு ஆற்றலை எண்ணெயும் தந்துவிடும். மசாலாவோடு கலந்துவிடுவதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. நவராத்திரிக் கொலுவில் வழங்கும் கொண்டைக்கடலைச் சுண்டலுக்கோ கடுகு வெடிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும்.

பயிற்சி

1. உலர்ந்த ராஜ்மாவைவிட, அதே எடையுள்ள வெந்த ராஜ்மாவில் ஆற்றல் குறைவாக இருப்பது ஏன்?

2. உங்கள் வீட்டில் ஒரு மாதத்தில் செலவாகும் எண்ணெயின் அளவைக் கேட்டறிக. ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை மேசைக்கரண்டி வருகிறது எனக் கணக்கிட்டு எழுதுக.

3. பிரித்து எழுதுக: அந்நீர், புதுநீர், நார்ச்சத்து.