கரடி வரும் ஊரில் மக்கு உரம் தயாரிப்பது எப்படி?

கோத்தகிரி, குன்னூர் பக்கத்து இயற்கை விவசாயிகள் கூடும் இடங்களில் தவறாமல் வரும் கேள்வி இது: "சமையலறைக் கழிவை மக்க வைக்கச் சொல்றீங்க. வெச்சா ராத்திரி கரடி வந்து நிக்குது. என்ன பண்றது?"

நியாயமான கேள்விதான். கரடிக்குப் பயந்து உரக்குழியை மூடிவிட்டு, கழிவைப் பையில் கட்டி ரோட்டோரம் வீசுகிறவர்களும் உண்டு. கரடிக்கு அது இன்னும் வசதி. வங்கி வேலையில் ஓய்வு பெற்றபின் கோத்தகிரி பக்கம் கொஞ்சம் தேயிலையும் காய்கறியும் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில், இங்கே நடைமுறைக்கு ஒத்துவரும் வழிகளை ஒரு பாடமாகத் தருகிறேன்.

கரடி எதைத் தேடி வருகிறது?

நம் மலையில் இருப்பது தேன்கரடி. காட்டில் அதன் சாப்பாடு கறையான், எறும்பு, தேன், பழங்கள். மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் அதற்குக் கிடையாது. அந்தச் சந்து வழியாகக் கறையானை உறிஞ்சி எடுக்கும். முன்கால் நகங்கள் மண் தோண்டுவதற்கென்றே அமைந்தவை. கண்பார்வை சுமார்தான், மோப்பம் அபாரம்.

கோயில் கதவை உடைத்து விளக்கெண்ணெயைக் குடித்தது, சத்துணவுக் கூடத்தில் புகுந்து பருப்பையும் எண்ணெயையும் காலி செய்தது என்று நீலகிரிச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். ஆக எண்ணெய், இனிப்பு, பழுத்த பழம், புழு ஆகிய நான்கும்தான் அதை இழுக்கின்றன. நம் குப்பைக்குழியில் இந்த நான்கும் இல்லாவிட்டால் பாதிப் பிரச்சனை தீர்ந்தது.

நாற்றம் என்பது நஷ்டக் கணக்கு

மீதிப் பாதி, மக்கும் விதத்தில் இருக்கிறது. நன்றாக மக்கும் குவியலில் மழை பெய்த மண் வாசனைதான் வரும். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால், பயிருக்குப் போகவேண்டிய தழைச்சத்து காற்றில் போகிறது என்று அர்த்தம். அழுகின முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை, தண்ணீர் அதிகம். கரடியைக் கூப்பிடும் நாற்றமும் நம் உரத்தைக் கெடுக்கும் நாற்றமும் ஒன்றுதான். ஒன்றைச் சரி செய்தால் மற்றதும் சரியாகும்.

இதற்குக் கரி, தழைச்சத்து விகிதம் தெரிய வேண்டும். கரி 25 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு இருந்தால் நுண்ணுயிர்கள் நிம்மதியாக வேலை செய்யும். காய்கறிக் கழிவிலும் சாணத்திலும் இது சுமார் 15லிருந்து 20 வரைதான். காய்ந்த சருகில் 50க்கு மேல். மரத்தூளில் 300ஐத் தாண்டும். ரெண்டையும் கலந்தால்தான் கணக்கு நேராகும். தராசு வேண்டாம். ஒரு வாளி ஈரக் கழிவுக்கு மூன்று வாளி சருகு, அவ்வளவுதான்.

சருகுக்கு நமக்குப் பஞ்சமே இல்லை. தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் உதிர்க்கும் இலையே போதும். அது கெட்டி இலை, அப்படியே போட்டால் மக்க நாளாகும். மிதித்து நொறுக்கியோ நறுக்கியோ போடுங்கள். வெயில் காலத்திலேயே சாக்கில் கட்டி, நனையாத இடத்தில் சேர்த்து வையுங்கள். இங்கே ரெண்டு பருவமழையும் உண்டு என்பதால், காய்ந்த சருகு கையிருப்பு இல்லாமல் மழைக்காலத்தில் நாற்றமில்லாத உரம் தயாரிக்க முடியாது.

ஈரத்துக்கு ஒரு சோதனை. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்து போகவும் விடக்கூடாது. காய்ந்த குவியலில் கறையான் ஏறும், அதுவே கரடிக்கு விருந்து.

எது போடலாம், எது கூடாது?

போடலாம்: காய்கறித் தோல், கீரைத் தண்டு, டீத்தூள், காப்பித்தூள், களைச்செடி, சாணம், நொறுக்கிய முட்டை ஓடு (நன்றாகக் கழுவியது).

கூடாது: மீன், கறி, எலும்பு, எண்ணெய் பட்ட சாப்பாடு, நெய், தயிர், வெல்லம், பலாச் சக்கை, அழுகின பேரிக்காய், கொய்யா.

மிச்சச் சோற்றை அன்றன்றே மாட்டுக்கோ கோழிக்கோ அளவாகக் கொடுத்துவிடலாம். வீட்டில் சாண எரிவாயுக் கலன் இருந்தால் ரொம்ப நல்லது. மூடிய கலன் என்பதால் சமைத்த உணவையும் அது ஏற்கும், நாற்றமும் வெளியே வராது. போட்டபின் வாய்ப்பகுதியைத் தண்ணீர் விட்டுக் கழுவி மூடிவிடுங்கள்.

மரத்தடியில் விழும் பழங்களைத் தினமும் சாயங்காலத்துக்குள் பொறுக்கிவிட வேண்டும். உரக்குழி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பேரிக்காய் மரத்தடி கவனிக்காமல் கிடந்தால் பயனில்லை.

செய்முறை

1. இடம்: சமையலறைச் சுவரையும் நடைபாதையையும் விட்டுத் தள்ளி இருக்கட்டும். உண்ணிச்செடிப் புதர் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். கரடி பகலில் படுத்திருப்பது அந்த மாதிரிப் புதரில்தான், அதன் பழத்தையும் தின்னும்.

2. கலன்: திறந்த குழி நம் ஊருக்கு ஆகாது. பூட்டு வளையத்துடன் மூடி உள்ள 200 லிட்டர் டிரம்மில் சுற்றிலும் சிறு துளைகள் போட்டு, உருட்ட முடியாதபடி கம்பத்தோடு சங்கிலியால் கட்டுங்கள். நிறையக் கழிவு இருந்தால், தரைக்கும் சிமெண்ட் பூசிய செங்கல் தொட்டி கட்டி, கனமான இரும்பு வலை மூடி போட்டுப் பூட்டலாம்.

3. அடுக்கு: அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தேயிலைக் கவாத்துக் குச்சிகள், காற்றுக்காக. அதன்மேல் சருகு, ஈரக் கழிவு, கொஞ்சம் சாணக் கரைசல் என்று மாறி மாறி. முடிவில் மேலே 2 அங்குலம் பழைய மக்கு உரம். நாற்றத்தைப் பிடித்து வைக்கும் போர்வை அது.

4. நேரம்: கழிவைக் காலையில் போடுங்கள். கிளறுவதையும் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். சாயங்காலம் கிளறினால் நாற்றம் ராத்திரி வரைக்கும் நிற்கும்.

5. சாம்பல்: கைப்பிடி போதும். அள்ளிக் கொட்டினால் காரத்தன்மை ஏறித் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும்.

டிரம்மில் சூடு அதிகம் ஏறாது. எங்கள் குளிருக்கு நாலைந்து மாசம் ஆகும். ரெண்டு டிரம் வைத்து, ஒன்று நிறைந்ததும் அடுத்ததைத் தொடங்குங்கள்.

மாட்டுச் சாணக் குவியலையும் மறக்காதீர்கள். மாதக்கணக்கில் கிளறாமல் கிடந்தால் வெள்ளை வெள்ளையாக வண்டுப் புழு வைக்கும். காட்டுப்பன்றியும் தோண்டும், கரடியும் தோண்டும். அடிக்கடி கிளறிக் கோழியை மேயவிட்டால் புழு தங்காது.

நம் கரைசல்களும் வாசனைதான்

இயற்கை விவசாயிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. பஞ்சகவ்யத்தில் நெய், பால், வெல்லம், வாழைப்பழம் எல்லாம் இருக்கிறது. ஜீவாமிர்தத்தில் 200 லிட்டருக்கு 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு. இவற்றைத் திண்ணையில் வைக்காமல், கதவு பூட்டிய கெட்டியான அறையில் வையுங்கள். ஜீவாமிர்தத்தைத் தேவைக்கு மட்டும் கலக்கி உடனே ஊற்றித் தீருங்கள். மீனும் வெல்லமும் ஊறும் மீன் அமிலம் கரடி நடமாடும் ஊரில் வேண்டாம். கடலைப் புண்ணாக்கு மூட்டையும் உள்ளே இருக்கட்டும். கசக்கும் வேப்பம் புண்ணாக்கு பிரச்சனை தராது.

கரடி வந்துவிட்டால்

கிட்டத்தில் திடீரென ஆளைப் பார்த்தால் தேன்கரடி ஓடாது, பாயும். குட்டியை முதுகில் சுமந்திருக்கும் தாய் என்றால் இன்னும் ஆபத்து. இருட்டில் டார்ச் இல்லாமல், சத்தம் கொடுக்காமல் குழிப்பக்கம் போகாதீர்கள். பார்த்துவிட்டால் முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்கி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். வேலியில் வீட்டு மின்சாரத்தை நேரடியாக விடுவது குற்றம், மனுஷ உயிரும் போகும். சோலார் வேலி போடுவதாக இருந்தாலும் வனத்துறையைக் கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். அதற்கென்று 2023ல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. தேன்கரடி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் உயிர்.

ஒரு வீடு மட்டும் போதாது

வங்கியில் கூட்டுப் பொறுப்புக் குழுக் கடன் என்று கொடுப்போம். ஒருவர் கட்டாவிட்டால் சுமை குழுவில் எல்லோர் தலையிலும் விழும். கரடி விஷயமும் அப்படித்தான். ஒரு வீட்டில் எண்ணெய்ச் சோறு ருசி கண்ட கரடி அடுத்த வீட்டுக் கதவையும் தட்டும். விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் பாதையில்தான் அது காட்டுக்குத் திரும்புகிறது. அடிபடுவது அவர்கள். கடைசியில் கூண்டு வைத்துப் பிடிக்கப்படுவது கரடி. இரண்டுக்கும் காரணம் நாம் திறந்து வைத்த ஒரு வாளியாக இருக்கலாம்.

எனவே மகளிர் குழுவிலோ கிராம சபையிலோ இதைப் பேசுங்கள். தெருவுக்கு நாலு மூடிய டிரம், ஒரு சருகுக் கொட்டகை, பழம் பொறுக்க முறை வைத்து ஆட்கள் என்று ஆரம்பிக்கலாம். சருகு சேர்க்க வெயில் காலம்தான் தோது. மழை இறங்குவதற்குள் கொட்டகையை நிரப்பிவிடுங்கள்.