மூணு வருஷப் போரும் பதினோரு சீசனும்



கதாநாயகன் மழையில் நனைந்தபடி வாசலில் நிற்கிறான். கதவு திறக்கிறது. உள்ளே வந்ததும் சட்டை மொடமொடவென்று காய்ந்திருக்கிறது! உடனே தியேட்டரில் ஒரு குரல்: "டேய், அயர்ன் பண்ணிட்டு வந்துட்டான்டா!" சிரித்துவிட்டு மறந்துவிடுவோம். இதற்குத் திரைத்துறையில் 'கன்டின்யூட்டி எரர்', அதாவது தொடர்ச்சிப் பிழை என்று பெயர். "டிப்ளமோ படிக்கிற நமக்கு இதுல என்ன வேலை?" என்கிறீர்களா? இருக்குங்க!

பிழை எப்படி வருகிறது?

கதை ஓடும் வரிசையில் படம் எடுப்பதில்லை. ஒரே செட்டில் நடக்கும் காட்சிகளையெல்லாம் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) உருவான நம்ம சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோ முதல் ஹாலிவுட் வரை இதுதான் வழக்கம். வாசல் காட்சி ஒரு நாள், உள் காட்சி வேறொரு நாள். நடுவில் சட்டையின் ஈரத்தை யாராவது குறித்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பிழை.

ஒரு பெரிய உதாரணம்

அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1972 செப்டம்பர் 17 முதல் 1983 பிப்ரவரி 28 வரை வந்த நகைச்சுவைத் தொடர் 'மேஷ்'. கொரியப் போர்முனையில் உள்ள 4077-ஆம் நடமாடும் ராணுவ மருத்துவமனைதான் களம். போர் நடந்தது 1950 ஜூன் 25 முதல் 1953 ஜூலை 27 வரை, மொத்தம் 37 மாதம். தொடர் ஓடியதோ 11 சீசன்! மூணு வருஷப் போரைப் பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தால் எங்காவது பிய்யத்தானே செய்யும்?

இதில் உள்ள பிழைகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

1. காலப்பிழை: ராடார் என்ற குமாஸ்தா சிப்பாயின் கையில் ஒரு காட்சியில் 'அவெஞ்சர்ஸ்' காமிக்ஸ் புத்தகம். அதன் முதல் இதழே 1963-ல்தான் வந்தது. போர் முடிந்து பத்து வருஷம் கழித்து!

2. தொடர்ச்சிப் பிழை: டாக்டர் ஹாக்ஐக்கு ஆரம்ப சீசன்களில் அம்மாவும் சகோதரியும் உண்டு. பின்னால் அவர் ஒரே பிள்ளை, அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்!

இதைவிட ருசியான கணக்கு ஒன்று. கர்னல் பாட்டர் முகாமுக்குப் பொறுப்பேற்கும் நாள் கதைப்படி 1952 செப்டம்பர் 19. அப்படியானால் போர் முடிவதற்குள் அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு கிறிஸ்துமஸ். ஆனால் 1978, 1980, 1981-ல் ஒளிபரப்பான மூன்று வெவ்வேறு கிறிஸ்துமஸ் கதைகளில் அவர் இருக்கிறார்! போதாக்குறைக்கு, 1951-ஆம் ஆண்டு முழுவதையும் சொல்லும் ஒரு எபிசோடிலும் அவரே தலைவர்.

தெரியாமல் செய்தார்களா?

இல்லை. விவரம் தெரிந்தவர்கள்தான். சூலூரில் ஹெலிகாப்டர் சத்தம் நமக்குப் புதிதல்ல. அந்தத் தொடரில் வரும் ஹெலிகாப்டரைக் கவனித்தால், கொரியப் போரில் காயம்பட்டவர்களை வெளிப்புற ஸ்ட்ரெச்சரில் கட்டித் தூக்கிவந்த அதே பெல் 47 வகை. அதில் தப்பில்லை. ஆக, குறை அறிவில் அல்ல, பதிவேட்டில்! தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட் நான்காவது சீசனோடு விலகினார். தயாரிப்பாளர் ஜீன் ரெனால்ட்ஸ் ஐந்தாவதோடு விலகினார். ஆட்கள் மாறினார்கள். "பாட்டர் வந்த தேதி இது" என்ற ஒரு வரி கைமாறவில்லை. நம்ம பாஷையில் சொன்னால், ஷிஃப்ட் மாறும்போது லாக் புக் எழுதவில்லை.

ரசிகன் மன்னிப்பான், மெஷின்?

இத்தனை பிழை இருந்தும் கடைசி எபிசோடைப் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். மனிதர்கள் கதாபாத்திரங்களை நேசித்துவிட்டால் தேதியை மன்னித்துவிடுவார்கள். மெஷினுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கியபோது தொலைந்தது. ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு கணக்கில் எண்களைக் கொடுத்தது. மற்றொரு குழு அதை நியூட்டன் கணக்காக எடுத்துக்கொண்டது. இரு தரப்பும் கெட்டிக்காரர்களே. நடுவில் யூனிட் மட்டும் கைமாறவில்லை. ஈரச் சட்டை காய்ந்த அதே கதைதான், விலை மட்டும் வேறு!

ஆகவே நண்பர்களே, ஒர்க்‌ஷாப்பிலும் டிராயிங் ஹாலிலும் மூன்றை மறக்க வேண்டாம்:

* டிராயிங்கை மாற்றினால் ரிவிஷன் நம்பரும் தேதியும் போடுங்கள். பழைய பிரிண்டை டேபிளிலிருந்து எடுத்துவிடுங்கள்.
* ரீடிங் எடுத்தால் யூனிட்டோடு எழுதுங்கள். வெறும் எண் அனாதை.
* பிராஜக்ட்டைப் பாதியில் அடுத்தவரிடம் கொடுத்தால் வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள்.

நாளை ஏதோ ஒரு ஃபவுண்டரியிலோ பம்ப் கம்பெனியிலோ நைட் ஷிஃப்டுக்கு வரும் ஒருவன் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை நம்பித்தான் ஸ்விட்சைப் போடப் போகிறான். அவன் கைவிரல் பத்தும் பத்திரமாக இருக்கட்டும். எழுதி வைப்போம்!