சூப்பர்வைசர் வேலைக்குப் போகும் மருமகனுக்கு

மருமகனே, மூணாறு தேயிலை எஸ்டேட்டில் உனக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்த சேதி கேட்டு மனசு நிறைந்தது. கொழுந்து, கவ்வாத்து, மருந்தடிப்பு எல்லாம் அங்கிருப்பவர்களே உனக்குச் சொல்லித் தருவார்கள். ஆளை நடத்துகிற பாடத்தைத்தான் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். இந்த மலையிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. பேரைத் தெரிந்துகொள். காலையில் பேர் போடுகிற பிரட்டுக்களத்தில் உன் அம்மா வயதுக்காரிகள் வரிசையாக நிற்பார்கள். ‘ஏய்’, ‘இந்தா’ எல்லாம் உன் வாயில் வரக்கூடாது. மூத்தவர்களை அக்கா என்று கூப்பிடு. எனக்குத் தெரிந்த ஒரு சின்னதுரைக்கு, அதாவது உதவி மேனேஜருக்கு, தமிழ் சரியாக வராது. ஆனாலும் காய்ச்சலில் கிடந்து திரும்பியவளிடம் ‘உடம்பு தேவலையா’ என்று கேட்காமல் பேர் போடமாட்டார். அடைமழையிலும் அவர் டிவிஷனில் ஆள் குறையாது.

2. தராசடியில் சுத்தமாக இரு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். முள் ஆடி நிற்கும்வரை பொறு. எடையை அவள் காதில் விழும்படி சொல்லி, சீட்டில் எழுதியதைக் காட்டு. மழை நாளில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ கழிப்பார்கள். எவ்வளவு கழிக்கிறாய் என்று முன்னாலேயே சொல். எல்லாருக்கும் ஒரே மாதிரி கழி.

ஒரு தோட்டத்தில் எடை எழுதுகிறவர் வேண்டியவளுக்கு ஒரு கணக்கு, வேண்டாதவளுக்கு ஒரு கணக்கு என்று கழித்துக்கொண்டிருந்தார். யாரும் சண்டைக்குப் போகவில்லை. கொஞ்ச நாளில் முற்றல் இலையும் குச்சியும் சாக்கில் ஏற ஆரம்பித்தன. ‘எப்படியும் கழிக்கத்தானே போறான், நல்ல கொழுந்து எதுக்கு?’ என்று ஒரு கிழவி என் முகத்துக்கு நேரே கேட்டாள். ஃபேக்டரியில் தூளின் தரம் ஏன் இறங்கிற்று என்று ஆபீசில் கூட்டம் போட்டுக் காரணம் தேடினார்கள். மலைக்கு ஏறி வந்து தராசுப் பக்கம் நின்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

3. கெட்ட சேதியை நீயே நேரில் போய்ச் சொல். 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததை டிவியில் பார்த்திருப்பாய். அன்று தினக்கூலி 232 ரூபாய். அங்குள்ள கண்ணன் தேவன் கம்பெனி அந்த வருஷ போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. கொழுந்து பறிக்கிற பெண்கள் 20 கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள் எழும்பவில்லை. ‘பெம்பிளை ஒருமை’, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்ற பேர் அப்போது பிறந்ததுதான். தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் சேர்க்கவில்லை. செப்டம்பர் 13 அன்று, முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில், 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை, ஆக 20 என்று முடிவானது.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2005-இல் டாடாவின் கையிலிருந்து மாறியபோதே அந்தக் கம்பெனியில் தொழிலாளிகளும் பங்குதாரர்கள் ஆகிவிட்டார்கள். பங்குப் பத்திரம் இருந்தும், லாபம் குறைந்தது என்று கம்பெனி காட்டிய கணக்கை அவர்கள் நம்பவில்லை. தங்களுக்காகப் பேச வந்த சங்கத்தையும் நம்பவில்லை. வருஷம் முழுக்க முகம் கொடுத்துப் பேசாமல், போனஸ் நேரத்தில் மட்டும் கணக்கை நீட்டினால் அது உண்மைக் கணக்காகவே இருந்தாலும் எடுபடாது. ஆகவே நோட்டீசை ஒட்டிவிட்டு நகராதே. அது மலையாளத்திலோ இங்கிலீஷிலோ இருக்கும். பிரட்டில் நின்று தமிழில் வாசி. கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுப் போ.

4. லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று ஒருத்தி சொன்னால் அன்றைக்கே எழுதி ஆபீசில் கொடு. ஆறின கஞ்சி பழங்கஞ்சி. வீடு, குடிதண்ணீர், கக்கூஸ், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைமடுவம் எல்லாம் தோட்டம் கொடுக்க வேண்டியவை என்று 1951-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லியாயிற்று. நீ ஏதோ தருமம் செய்கிற மாதிரி பேசாதே.

5. மேலே வாங்கின திட்டைக் கீழே இறக்காதே. ஒரு தை மாதம் உறைபனி விழுந்து செடியெல்லாம் கருகிக் கிடந்தது. அப்போதும் மேலிடம் வழக்கமான கிலோவைக் கேட்டது. சூப்பர்வைசர்கள் பலபேர் பெண்கள் மேல் பாய்ந்தார்கள். ஒருவர் மட்டும் கருகின கொத்தை ஒடித்துக்கொண்டு போய்த் துரையின் மேசையில் வைத்தார். ‘இதில் எதைப் பறிக்கச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டார். துரை முகம் சுளித்தார், பிறகு நிரையைப் பார்க்க அவரே ஜீப்பில் வந்தார். அந்தத் துணிச்சல் உனக்கும் வேண்டும். உன் சம்பளத்தில் அதற்கும் பங்கு இருக்கிறது.

திங்கட்கிழமை பிரட்டுக்கு அரை மணி முன்னாலேயே போய் நில், மருமகனே. முதல் வாரம் யாரையும் அதட்டாதே. பேர் ரெஜிஸ்டரை வீட்டுக்கு எடுத்துப்போக விடமாட்டார்கள். அதனால் சின்ன நோட்டு ஒன்றில் எல்லாருடைய பேரையும் எழுதி வைத்துக்கொண்டு ராத்திரி படி.