கறுப்பு வெள்ளைப் படம் அச்சிட எந்தக் கருவி, எந்த மை?

இங்க்ஜெட்டில் கறுப்பு வெள்ளைப் படம் அச்சிட அச்சுப்பொறி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது, அதில் எத்தனை சாம்பல் மை இருக்கிறது என்பதைத்தான். ஒரே கறுப்பு மை உள்ள கருவி வெளிர்ந்த பகுதிகளைப் புள்ளி புள்ளியாகக் காட்டும்; இல்லாவிட்டால் வண்ண மைகளைக் கலந்து சாம்பலை உண்டாக்கும். கலந்து வந்த சாம்பல் வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும். சிங்கப்பூரின் சைனாடவுன் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரத்தை நடுப்பகலில் எடுத்த படம் இதற்கு நல்ல சோதனை. வெயில் படும் சுதைச் சிற்பங்கள் சன்னலோரம் சற்றே சிவந்தும், வீவக வீட்டுக் குழல்விளக்கில் பச்சை தட்டியும் தெரிந்தால் கருவியில் சாம்பல் மை போதவில்லை என்று பொருள்.

மை இரண்டு வகை. டை மை தாளுக்குள் ஊறும். பளபளப்புத் தாளில் அழகாக இருக்கும், பருத்தித் தாளில் கறுப்பு சோர்ந்துவிடும், வெளிச்சத்தில் விரைவில் மங்கும். பிக்மென்ட் மை தாளின் மேல் தங்கும், நெடுநாள் நிற்கும்.

பழகுவோருக்கு எப்சன் இடி-8550 போன்ற தொட்டி மைக் கருவி போதும். ஏ3 தாளைவிடச் சற்றுப் பெரிய தாளும் கொள்ளும். டை மையில் ஒரு சாம்பல் உண்டு. மைச் செலவு குறைவு. கண்காட்சிக்கு அச்சிடுவோருக்கு எப்சன் பி700, கேனான் புரோ-300 ஆகியவை பொருந்தும். இரண்டும் பிக்மென்ட் கருவிகள், 13 அங்குல அகலத் தாள் ஏற்பவை. ஆனால் பி700 மைக்குப்பி 25 மில்லிலிட்டர், புரோ-300இல் 14.4 மட்டுமே. 17 அங்குலத் தாளுக்கு எப்சன் பி900. ‘பெரிதாக வாங்கினால் பின்னால் உதவும்’ என்று பெற்றோர் இதை வாங்கித் தருவதுண்டு. மாதம் இரண்டு படம் அச்சிடும் மாணவருக்கு அது மேசையை அடைக்கும் பொருள்தான். அச்சுத்தலைத் துளைகளைச் சுத்தம் செய்வதிலேயே மை தீரும்.

இன்று மாணவர்களிடையே மிகையாகப் புகழப்படுவது இன்னொரு வழி. பழைய எப்சன் கருவியை வாங்கி, வண்ண மைகளைக் கழுவிவிட்டு, ஆறேழு அடர்த்திகளில் கரி மை நிரப்புவது. அமெரிக்காவின் ஜான் கோன் 2000 வாக்கில் கொண்டுவந்த பீசோகிராஃபி இதில் புகழ்பெற்றது. நல்ல கையில் இது தரும் சாம்பல் படிகளுக்கு ஈடு இல்லை. ஆனால் மூத்த மாணவர் செய்தார் என்பதற்காகத் தொடங்குவோர் பாதியில் நிறுத்துவதே வழக்கம். மாற்றிய கருவியில் வண்ணப் பாடவேலை எதையும் அச்சிட முடியாது. நிரப்பும் குப்பிகள், சில்லு, கழுவும் திரவம் எல்லாம் தேடி வாங்க வேண்டும். குவாட்டோன்ரிப் போன்ற மென்பொருளில் தாளுக்குத் தாள் வளைகோடு அமைக்க வேண்டும். சரியாக அமைக்க அடர்த்தி அளக்கும் கருவியும் தேவை. தூய கரி மை இயல்பிலேயே பழுப்புச் சாயல் உள்ளது. நடுநிலைச் சாம்பல் வேண்டுவோர் வேறு மையும் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கரித் துகள் அடியில் படியும். கருவி சும்மா கிடந்தால் குப்பியில் படிந்து, துளையிலும் உறையும். முழுநேரத் தேசிய சேவைக்குப் போகும் இளையர் ஈராண்டு கழித்துத் திறக்கையில், வெளிர்ந்த சாம்பல் வர வேண்டிய இடத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடும். பழைய கருவிக்கு அச்சுத்தலை மாற்றும் செலவு பெரும்பாலும் கருவியின் விலையைத் தாண்டிவிடும். கருவியை மாற்றாமலே கிடைக்கும் எப்சனின் ‘அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்’ முறை மூன்று கறுப்பு, சாம்பல் மைகளை முதன்மையாகக் கொண்டு அச்சிடும்; அதன் விளைவுக்கும் கரி மைக்கும் உள்ள வேறுபாடு கையில் வைத்துப் பார்ப்பவருக்கே தெரியும். சட்டமிட்டுக் கண்ணாடி போட்டபின் அதுவும் மறையும்.

தாளில் மினுக்கத்தைத் தேடி அலைய வேண்டாம். மினுங்கும் பரைட்டா தாளில் கறுப்பு ஆழமாக வரும். ஆயினும் சைனாடவுன் ஐந்தடி நடைபாதை நிழலின் படிகள் மென்மையாக விரிவது 300 கிராம் அளவிலான பருத்தி மேட் தாளில்தான். தாள் வகைக்கேற்ப ஃபோட்டோ பிளாக், மேட் பிளாக் தேர்வு மாறும். தவறினால் கறுப்பு மங்கும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் தாள் நெளியும், ஓரம் அச்சுத்தலையில் உரசும். எனவே தாள் மூடி ஒட்டிய பையிலேயே இருக்கட்டும். ஏர்கான் வறட்சியோ மையை உலர்த்தும். வாரம் ஒரு சிறு படமாவது அச்சிட்டால் துளை அடைக்காது.

அடுத்தடுத்த இரண்டு சாம்பல்களைப் பிரித்தறியும் கண் சிலருக்கு இயல்பாக அமையும், சிலருக்குப் பழகப் பழக வரும். மை உலர ஒரு நாள் பொறுத்து, மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்து, மீண்டும் அச்சிடும் பொறுமை இல்லாதவருக்கு எந்தக் கருவியும் உதவாது. அவர் அச்சகத்தில் கொடுத்து வாங்குவதில் குறைவு ஒன்றுமில்லை. தயங்குவோர் ஒரே படத்தை முதலில் அச்சகத்தில் மேட், பரைட்டா, பளபளப்பு என மூன்று தாள்களில் போட்டு, சில வாரம் சுவரில் வைத்துப் பார்க்கட்டும். எந்தத் தாள் பிடித்தது என்று தெளிந்தால், அதற்கேற்ற மையும் கருவியும் தாமே முடிவாகும்.